எழுதாமல் விட்ட ஆற்றுப்படை

பயணக் குறிப்புகளில் தவறாமல் தென்படும் வினைச்சொல் ஒன்று உண்டு: 'கண்டுபிடித்தேன்'. சந்து முனையில் ஒரு சிறு உணவகத்தைக் கண்டுபிடித்தேன். சுற்றுலாக்காரர் எவர் கண்ணிலும் படாத ஓர் இடத்தைக் கண்டுபிடித்தேன். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்த கதைதான் இது. (அவரும் இத்தாலியர், ஜெனோவாக்காரர் என்பது தற்செயலான பொருத்தம்.) அங்கே ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள், சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், கணக்கைத் தீர்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள் என்பதெல்லாம் அந்த வினைச்சொல்லுக்குள் அடங்குவதில்லை.

ரோம் நகரத்தின் தெஸ்தாச்சோ பேட்டையில், ஒரு கோடை விடுமுறையின்போது, வியாழக்கிழமை மதியம் நான் உணவருந்திய கடையைப் பற்றி நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது, எல்லோரும் முதலில் கேட்டது பெயரும் முகவரியும்தான். இரண்டையும் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை. இது ஏதோ மர்மம் காக்கும் முயற்சியாகவோ, தான் உண்ட இலையைப் பிறர் பார்க்கலாகாது என்ற கஞ்சத்தனமாகவோ தோன்றலாம். அப்படியன்று என்பதைக் காரணங்களோடு எழுத வேண்டும் என்று பட்டது.

தமிழ் படித்தவனுக்கு இதில் ஒரு கூடுதல் சங்கடம் இருக்கிறது. நாம் இன்று உணவக விமரிசனம் என்று அழைப்பது, யோசித்துப் பார்த்தால், ஆற்றுப்படையின் கடைசிக் கொழுந்து. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே பசியோடு வரும் இன்னொருவனுக்கு வழி சொல்கிறான்; எந்த நிலத்தில் யார் என்ன சோறு இடுவார்கள், எந்த மீன் சுடுவார்கள், எந்தக் கள் வார்ப்பார்கள் என்பதையெல்லாம் வரிசையாக அடுக்குகிறான். பத்துப்பாட்டில் பாதி இந்த வகைதான். பெரும்பாணாற்றுப்படையை உணவு நோக்கில் மட்டும் படித்தாலே, எயினர் முதல் அந்தணர் வரை எவர் வீட்டில் என்ன வெந்தது என்பதற்கு ஒரு முழுப் பட்டியல் கிடைத்துவிடும். தாம் பெற்றதைப் பெறாதவருக்கு அறிவிப்பதே இலக்கணம் என்று தொல்காப்பியம் வகுத்த மரபில் வந்தவன், பெற்ற பிறகு வாயை மூடிக்கொண்டிருக்கலாமா?

ஆனால் ஆற்றுப்படைக்கு அடித்தளமாக ஒரு கற்பிதம் இருக்கிறது. வள்ளலின் செல்வம் வற்றாது. நூறு பாணர் வந்தால் நூறு மடங்கு புகழ். அவன் அடுக்களைக்கு ஒன்றும் நேராது. பன்னிரண்டு மேசைகள் மட்டுமே உள்ள ஒரு சாப்பாட்டுக் கடை அத்தகைய வள்ளல் அன்று. அங்கே நான் உட்கார்ந்த நாற்காலியில் அன்று வேறொருவர் உட்கார முடியவில்லை. இந்த எளிய கணக்கில்தான் என் வாதம் முழுவதும் இருக்கிறது.

அந்தப் பேட்டைக்கு நாங்கள் போனது சாப்பிடுவதற்காக அல்ல, கல்லறைகளுக்காக. கி.மு. முதல் நூற்றாண்டில் செஸ்தியுஸ் என்ற ரோமானியன் தனக்குக் கட்டிக்கொண்ட எகிப்திய பாணிக் கூம்பின் நிழலில், கத்தோலிக்கர் அல்லாதோருக்கான இடுகாடு ஒன்று இருக்கிறது. 1821இல் ரோமிலேயே இறந்த கீட்ஸ் அங்கே இருக்கிறார். மறு ஆண்டு கடலில் மூழ்கிய ஷெல்லி இருக்கிறார். 1937இல் மறைந்த அந்தோனியோ கிராம்ஷியும் இருக்கிறார். கீட்ஸின் கல்லில், அவர் விருப்பப்படியே, பெயர் இல்லை. ஆனாலும் வந்தவர்கள் எல்லோரும் நேராக அங்கேதான் போய் நின்றார்கள். பெயரை மறைத்துவிட்டால் மட்டும் ஓர் இடம் தப்பித்துவிடாது என்பதற்கு அதுவே சான்று. இதை என் வாதத்துக்கு எதிராகவே குறித்து வைக்கிறேன்.

பசோலினி 1957இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்புக் கவிதை இந்த இடுகாட்டில்தான் நிகழ்கிறது. கிராம்ஷியின் சாம்பல் முன்னால் நிற்கும் கவிஞரின் காதில், மதிலுக்கு அப்பால் தெஸ்தாச்சோவின் பட்டறைகளிலிருந்து வரும் ஓசை விழுகிறது. எல்சா மொராந்தேயின் 1974ஆம் ஆண்டு நாவலான 'வரலாறு'ம் போர்க்காலத் தாயையும் மகனையும் ஒரு கட்டத்தில் இந்தத் தெருக்களுக்குத்தான் கொண்டுவருகிறது. சுருக்கமாகச் சொன்னால், இது உழைப்பாளிகளின் பேட்டை. கட்டப்பட்டதே அதற்காகத்தான்.

என்னை அழைத்துச் சென்றவர் என் பழைய மாணவர். அந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு செய்துகொண்டு, அந்தப் பக்கமே அறை எடுத்துத் தங்கியிருப்பவர். கிராம்ஷியின் முன் நான் சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன் போலும். "ஐயா, பசிக்குதுன்னா இப்பவே போயிடணும். மூணு மணிக்கு அந்தம்மா அடுப்பை அணைச்சிரும்" என்றார். இடுகாட்டில் சொல்லத்தக்க வாக்கியமா என்று யோசிப்பதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார்.

போகும் வழியிலேயே பேட்டைக்குப் பெயர் தந்த குன்று தென்படுகிறது. பார்வைக்குப் புல் முளைத்த மண்மேடு. உண்மையில் மண்ணே அல்ல. ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும் உடைந்த மண்சாடிகள். பேரரசுக் காலத்தில் தென் ஸ்பெயினிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆலிவ் எண்ணெய் வந்திறங்கிய சாடிகளை மறுபடி பயன்படுத்த முடியாமல் உடைத்து அடுக்கியதன் விளைவு. லத்தீனில் ஓட்டுச்சில்லைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் தெஸ்தாச்சோ வந்தது. ஒரு மாநகரம் தான் தின்று தீர்த்ததற்கு எழுப்பிய நினைவுச்சின்னம் என்று இதைத்தான் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் அக்குன்றின் அடியைக் குடைந்து மதுவைக் குளிர்ச்சியாக வைக்கும் அறைகள் அமைத்தார்கள். அவற்றில் சில இன்று உணவகங்களாகியிருக்கின்றன.

குன்றுக்கு அருகே, 1888 முதல் 1891 வரை கட்டப்பட்ட மாடு அறுக்கும் தொட்டி இருக்கிறது. ஐரோப்பாவின் நவீனத் தொட்டிகளில் ஒன்றாக அது அன்று கருதப்பட்டது. 1975இல் மூடிவிட்டார்கள், இன்று கட்டடக்கலை மாணவர்களும் ஓவியக் கண்காட்சிகளும் அதில் குடியேறியிருக்கிறார்கள். வாயிலின் உச்சியில் சிறகு முளைத்த உருவம் ஒன்று காளையை மடக்கும் சிலை மட்டும் பழைய தொழிலை நினைவூட்டிக்கொண்டிருக்கிறது. ரோமானியச் சமையலின் மிக முக்கியமான ஒரு கிளை இந்தத் தொட்டியின் வாசலில்தான் தழைத்தது. அறுத்த மாட்டை நான்கு காலாகப் பிரிப்பார்கள். நல்ல கால்கள் பணமுள்ளவர்களுக்குப் போகும். எஞ்சியது தலை, வால், குடல், ஈரல், நுரையீரல், மண்ணீரல், கணையம். இதற்கு 'ஐந்தாம் கால்' என்று பெயர். தொழிலாளிகளின் கூலியில் ஒரு பகுதி இப்படிப் பண்டமாகவே கொடுக்கப்பட்டது. அதை அவர்கள் பக்கத்துச் சாராயக் கடைகளுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த பெண்கள் அதைச் சமைத்தார்கள். மாட்டுவாலைத் தக்காளியிலும் செலரித் தண்டிலும் மணிக்கணக்கில் வேகவைக்கும் 'கோடா அல்லா வாச்சினாரா' அப்படி வந்தது. பால் மட்டுமே குடித்து வளர்ந்த கன்றின் சிறுகுடலை, உள்ளிருக்கும் பால் தயிர்போல் உறைந்த நிலையிலேயே சமைத்துப் பாஸ்தாவோடு கலக்கும் 'பயாத்தா' இன்னொன்று. பைத்தியப்பசு நோய் அச்சத்தால் 2001இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை செய்தது. 2015இல்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆட்டுக்குட்டிக் குடலை வைத்து ஒப்பேற்றினார்கள்.

மதுரைப் பக்கம் பிறந்தவனுக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. குடல் குழம்பும் சுவரொட்டியும் ரத்தப் பொரியலும் எந்த வர்க்கத்தின் அடுப்பிலிருந்து வந்தன, எந்தச் சாதிகளின் பெயரோடு சேர்த்து இழிவாகப் பேசப்பட்டன என்பது நமக்குத் தெரியும். ரோமில் என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறு. அந்த இழிவு அங்கே ஒரு நூற்றாண்டுக்குள் பெருமையாக மாறிவிட்டது. இப்போது 'ஏழையின் சமையல்' என்று அச்சிட்டே விலையைக் கூட்டுகிறார்கள். இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு கொண்டாடத் தயாராக இல்லை. உணவுக்கு மரியாதை வந்தது நல்லதுதான். ஆனால் அதைச் சமைத்தவர்களின் பேரப்பிள்ளைகளால் அந்த மேசையில் உட்கார முடிகிறதா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

கடைக்கு வருவோம். வெளியே பெரிய பலகை ஏதும் இல்லை. உள்ளே மேசைகளின்மேல் துணிக்குப் பதில் தடித்த காகிதம். கையால் எழுதிய ஒற்றைத் தாள்தான் உணவுப் பட்டியல். மொத்தம் ஒன்பதோ பத்தோ பண்டங்கள். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் மேசைகளுக்கிடையே நடந்துகொண்டிருந்தார். என் மாணவரைப் பார்த்துத் தலையசைத்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். "உங்க வாத்தியாரான்னு கேக்குறாங்க" என்றார் மாணவர். பிறகு அவர் எங்களைப் பொருட்படுத்தவில்லை. அந்தப் பொருட்படுத்தாமை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. புன்னகையை உணவோடு சேர்த்துப் பரிமாறும் இடங்களில் எனக்குப் பசி அடங்கிவிடும்.

இத்தாலிய மொழியில் சாப்பாட்டுக் கடைக்குப் பல பெயர்கள். ஓஸ்டேரியா என்பது மூலத்தில் மது விற்கும் இடம். ஒரு காலத்தில் சோற்றை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்து, மதுவை மட்டும் அங்கே வாங்கிக் குடித்தவர்கள் உண்டு. ரிஸ்டோரான்டே பிரான்சிலிருந்து வந்த சொல். மேசைத்துணியும் மிடுக்கும் உள்ள இடம். இரண்டுக்கும் நடுவே ட்ராட்டோரியா: ஒரு குடும்பம் நடத்துவது, அந்தந்தப் பேட்டைக்குச் சமைப்பது. இந்த வேறுபாடுகள் இப்போது பெரிதும் குழம்பிவிட்டன. ஆடம்பர உணவகங்கள் ஓஸ்டேரியா என்று பெயர் வைத்துக்கொள்கின்றன, நம் ஊர் நட்சத்திர விடுதிகள் 'தாபா' நடத்துவதைப் போல.

மே மாதமாதலால் முதலில் பச்சை மொச்சை வந்தது. நம் மொச்சையின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க ஃபாவா. தோலோடு அப்படியே தட்டில் குவித்து, பக்கத்தில் பெக்கொரீனோ என்ற உப்புக் கரிக்கும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஒரு துண்டு. நாமே உரித்துத் தின்ன வேண்டும். மே முதல் நாளில் இதை உண்பது ரோமானியர்களின் வழக்கம். அடுத்து விஞ்ஞரோலா: இளவேனிலின் கூனைப்பூ, பட்டாணி, ஃபாவா, கீரை நான்கும் தம்முடைய நீரிலேயே வெந்து குழைந்த கூட்டு. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே இவை நான்கும் ஒன்றாகச் சந்தைக்கு வரும் என்பதால் சில வாரங்கள் மட்டுமே இந்தப் பண்டம். அதைக் கூட்டு என்று எழுதிவிட்டேன். என் அம்மா கேட்டால் தேங்காய் எங்கே என்பார். ஆனால் காய்களின்மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அதே நம்பிக்கைதான்.

அதன் பிறகு ஞோக்கி. (இத்தாலியர் இரண்டு எழுத்துகளைச் சேர்த்துத் திண்டாடும் அந்த முதல் ஒலிக்கு நம்மிடம் ஒற்றை எழுத்து தயாராக இருப்பதில் எனக்கொரு சிறுபிள்ளைத்தனமான மகிழ்ச்சி. 'ஞ'வுக்கு வேலை கிடைப்பதே அரிது.) வேகவைத்த உருளைக்கிழங்கை மாவோடு பிசைந்து கொட்டைப்பாக்கு அளவுக்கு உருட்டி, கொதிநீரில் போட்டு, மேலே மிதந்ததும் எடுத்து, தக்காளிச் சாறில் புரட்டுவது. ரோமில் இது வியாழக்கிழமைப் பண்டம். வெள்ளி மாமிசம் விலக்கும் நாள்; அன்று மீன். முந்தைய நாளே வயிற்றைக் கனமாக நிரப்பிக்கொள்வதற்கு வியாழன் ஞோக்கி. சனிக்கிழமை குடல். இந்த வார அட்டவணை சட்டமல்ல, மதக் கட்டளையும் இன்று அவ்வளவாக இல்லை. ஆனாலும் அந்தக் கடையில் வியாழன் அல்லாத நாளில் ஞோக்கி கேட்டால் கிடைக்காது. நான் மாட்டுவாலையும் வாங்கினேன். அதைப் பற்றி வருணனை எழுதாமலிருப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

இருவருக்கும் சேர்த்து 40 யூரோவுக்குச் சற்று மேல் ஆனது. ரசீதில் ரொட்டிக்கென்று ஒரு வரி இருந்தது. மேசையில் உட்கார்ந்ததற்கே வாங்கும் 'கோபெர்த்தோ' கட்டணத்தை ரோம் அமைந்துள்ள லாட்சியோ மாநிலம் 2006இல் தடை செய்தது; அதன் பின் பல கடைகளில் ரொட்டி அந்த இடத்துக்கு வந்துவிட்டது. சட்டம் எதுவானாலும் கணக்கு நேர் செய்யப்பட்டுவிடும் என்பதில் இத்தாலியும் நமக்கு உறவுதான்.

சாப்பிடும்போது நான் கவனித்தது உணவைவிட அதிகமாக மேசைகளை. சாயக்கறை படிந்த கால்சட்டையோடு நான்கு தொழிலாளிகள். கழுத்தில் அடையாள அட்டையை மாட்டியபடியே வந்த இரண்டு அலுவலகப் பெண்கள். மூலையில் செய்தித்தாளோடு தனியாக ஒரு முதியவர். அவர் எதையும் கேட்கவில்லை. தட்டு தானாக வந்தது. பாதி தின்றுவிட்டு நகர்த்தி வைத்தார். அம்மாள் தட்டை எடுக்காமல் பக்கத்தில் நின்று ஏதோ கண்டிப்பாகக் கேட்டார். முதியவர் தோளைக் குலுக்கினார். "டாக்டரைப் பாத்தியா இல்லையான்னு கேக்குறாங்க" என்று மாணவர் மெல்லச் சொன்னார்.

என் கருத்தில் அந்தக் கேள்விதான் அந்த உணவகம். மாட்டுவால் அதன் பிறகுதான். நாளையும் வரப்போகிற ஒருவருக்குச் சமைப்பது வேறு, இனி ஒருபோதும் வரப்போகாத ஒருவருக்குச் சமைப்பது வேறு. நாளை வருபவரை ஏமாற்ற முடியாது. பழைய எண்ணெயை ஊற்ற முடியாது, அளவைக் குறைக்க முடியாது, விலையைத் திடீரென்று உயர்த்த முடியாது. அவருடைய வயிறும் பையும் சமைப்பவருக்குத் தெரியும். பட்டியல் சிறியதாக இருப்பதும், வியாழனன்று மட்டும் ஞோக்கி கிடைப்பதும் இதனால்தான். ஒரே ஆள் வாரத்தில் ஐந்து நாள் வருகிறார். அவருக்கு அலுக்கக் கூடாது. அதே சமயம், வழக்கமும் கெடக் கூடாது. வெளியூர்க்காரன் வந்து 'ஆகா, எவ்வளவு அசலாக இருக்கிறது' என்று வியப்பது இந்த அன்றாட ஒப்பந்தத்தின் பலனைத்தான். ஒப்பந்தத்தில் அவன் கையெழுத்துப் போட்டவன் அல்லன்.

'அசல்' என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இத்தாலிய உணவைப் பற்றிய சண்டைகளில் அதிகம் அடிபடும் சொல் அதுதான். கார்பொனாராவில் பன்றிக் கன்னக் கொழுப்புக்குப் பதில் வேறு இறைச்சி போட்டாலோ, பாலேடு ஊற்றினாலோ அங்கே கலகமே வரும். ஆனால் போருக்கு முன் வெளிவந்த அதா போனியின் ரோமானியச் சமையல் நூலில் கார்பொனாராவே கிடையாது. 1954இல் ஓர் இத்தாலியச் சமையல் இதழ் அதன் செய்முறையை வெளியிட்டபோது அதில் சுவிட்சர்லாந்தின் குருயேர் பாலாடைக்கட்டியும் பூண்டும் இருந்தன. பார்மா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் அல்பெர்த்தோ கிராந்தி, இத்தாலியின் 'தொன்மையான' உணவு மரபுகளில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உருவானது என்று 2018இல் நூல் எழுதினார். 2023இல் ஆங்கில நாளிதழ் ஒன்றின் நேர்காணலில் அதையே மறுபடி சொன்னபோது பெருங்கூச்சல் எழுந்தது. எனக்கு இரு தரப்பின்மேலும் முழு நம்பிக்கை இல்லை. நான் தின்ற ஞோக்கியில் உருளைக்கிழங்கு அமெரிக்கக் கண்டத்தது, தக்காளியும் அங்கிருந்து வந்ததே. பெக்கொரீனோ ரோமானோ என்று ரோமின் பெயரைச் சுமக்கும் பாலாடைக்கட்டியின் பெரும்பகுதி இன்று சார்தீனியத் தீவில்தான் தயாராகிறது. பாலாடைக்கட்டியையும் மிளகையும் மட்டும் வைத்துச் செய்யும் 'காச்சோ எ பேப்பே'யில் இருக்கும் மிளகைப் பற்றி நம்மிடமே சொல்ல வேண்டுமா? யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு பதிந்திருக்கிறது. டொமீஷியன் காலத்து ரோமில் அதற்கென்றே கிடங்கு இருந்தது. பேப்பே என்ற சொல்லே லத்தீன், கிரேக்கம் வழியே பின்னோக்கிப் போனால் நம் நாட்டுப் 'பிப்பலி'யில் போய் நிற்கும். ஸ்பெயினின் எண்ணெய்ச் சாடிகளைக் குன்றாகக் குவித்துவைத்திருக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, எல்லாம் எங்கள் மண்ணில் முளைத்தவை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே பொருள்களில் அசல் இல்லை, பழமையிலும் இல்லை. அதனால் எல்லாம் பொய் என்று கிராந்தியின் வாசகர்கள் சிலர் முடிவுகட்டுவதுதான் எனக்கு உடன்பாடில்லை. எழுபது வயதுப் பண்டம் ஒன்றை ஒரு பேட்டை வாரந்தோறும் தின்று, குறை சொல்லி, திருத்தி, மறுபடி தின்று தன்னுடையதாக்கிக்கொண்டிருந்தால் அது அசல்தான். 2025 டிசம்பரில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலியச் சமையலை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பதிவு செய்தது. (நம் தீபாவளியும் அதே கூட்டத்தில்தான் பட்டியலில் ஏறியது.) இத்தாலியர் முன்வைத்தது எந்தக் குறிப்பிட்ட பண்டத்தையும் அல்ல, சமைப்பது, சேர்ந்து உண்பது, கைமாற்றித் தருவது ஆகிய பழக்கங்களை. அதைப் படித்தபோது, பட்டியலில் ஏற வேண்டியது அந்த மருத்துவர் பற்றிய கேள்வி என்று எனக்குப் பட்டது. ஆனால் அதைப் பட்டியலில் ஏற்ற வழியில்லை.

அழிவும் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பேட்டையின் வீடுகள் ஒவ்வொன்றாகப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடப்படுகின்றன. சாவிப் பெட்டிகள் வாசற்கம்பிகளில் தொங்குவதை நானே எண்ணிக்கொண்டு நடந்தேன். என் மாணவரும் அடுத்த ஆண்டு அறை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலையில் இருந்தார். வீட்டில் இருந்தவர் வெளியேறினால் அவர் வழக்கமாக உட்காரும் நாற்காலி காலியாகும். அந்த நாற்காலியில் நம்மைப் போன்ற ஒருவர் உட்காருவார். சமையல் அப்படியே இருக்கலாம், அம்மாளும் அப்படியே இருக்கலாம். ஆனால் தட்டில் பாதி மிஞ்சினால், ஏன் என்று கேட்பதற்கு எதிரே ஆள் இருக்கமாட்டார். இன்னும் சில ஆண்டுகளில், ஏழு நாளும் ஞோக்கி கிடைக்கும்; சன்னலோரத்தில் ஒரு பெண்ணை உட்காரவைத்துப் பார்வைக்கு மாவு உருட்டச் செய்வார்கள். ரோமின் மையப் பகுதிகளில் இந்தக் காட்சி ஏற்கெனவே வந்துவிட்டது. 1986இல் ஸ்பானியச் சதுக்கத்தில் மெக்டொனால்ட்ஸ் திறக்கப்பட்டபோது கார்லோ பெத்ரீனியும் அவர் தோழர்களும் எதிர்ப்புக் காட்டினார்கள். 'மெதுவுணவு' இயக்கம் அந்தச் சூட்டில்தான் உருவாயிற்று. அன்று எதிரி வெளியிலிருந்து, பெரிய எழுத்தில் பலகை மாட்டிக்கொண்டு வந்தது. இன்று அது உள்ளூர்ப் பாட்டியின் வேடத்தில், நம் பாராட்டுகளைத் தின்றே வளர்கிறது. அதே இயக்கம் 1990 முதல் வெளியிட்டுவரும் ஓஸ்டேரியாக்களின் வழிகாட்டி நூலும் இந்தச் சிக்கலிலிருந்து விலகி நிற்க முடியாது. நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட ஆற்றுப்படைதான் அதுவும்.

என் தரப்புக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது ஒன்று உண்டு. கடை நடத்துபவருக்குக் கூட்டம் வேண்டாமா? வாடகை யார் தருவது? என் மாணவர் சொன்ன தகவல்படி, அம்மாளின் மகனே இந்தக் கட்சிதான். கைப்பேசிச் செயலியில் முன்பதிவு, விருந்தினர் மதிப்பெண், ஆங்கிலப் பட்டியல் எல்லாம் வேண்டும் என்பது அவர் வாதம். தாயும் மகனும் ஒருவாறு சமரசம் செய்துகொண்டிருக்கிறார்கள்: இரவுச் சாப்பாடு மகன் பொறுப்பு, உலகத்துக்கு, மதியம் தாயின் பொறுப்பு, பேட்டைக்கு. மதியத்துக்கு முன்பதிவு கிடையாது. இரவு வருமானம்தான் மதிய விலையைத் தாங்குகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. மகன் தவறு செய்கிறார் என்று சொல்ல நான் யார்? மாதச் சம்பளம் வாங்குகிறவன், பிறர் தொழிலில் தூய்மை எதிர்பார்ப்பது எளிது. ஆனால் விளம்பரம் செய்வது அவர் உரிமை. அது என் கடமை ஆகிவிடாது. அந்த மதியம் அவர்கள் காத்துவைத்திருக்கும் ஒன்று. நான் அதில் ஒரு முறை, மாணவரின் கணக்கில், உள்ளே விடப்பட்டேன்.

நம் இலக்கிய வாசகர்களின் எண்ணிக்கையை அறிந்தவன் என்ற முறையில், நான் பெயரைச் சொன்னால் நாளை தெஸ்தாச்சோவில் தமிழர் வரிசை நிற்கும் என்ற பயமெல்லாம் எனக்கில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒரே ஒரு பெயரைத்தான் சொல்கிறார்கள்.

ரோமுக்குப் போகிற நண்பர்களுக்கு என்னால் ஆன வழிகாட்டல் இவ்வளவுதான். ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு அந்தப் பேட்டையில் நடந்து பாருங்கள். 2012இல் புதுக் கட்டடத்துக்கு மாறிய சந்தை அருகே இருக்கிறது. அதன் வியாபாரிகள் எந்தப் பக்கம் சாப்பிடப் போகிறார்கள் என்று கவனியுங்கள். வாசலில் நின்று கையைப் பிடித்து அழைக்கிறவர் இருந்தால் தாண்டிப் போய்விடுங்கள். கைப்பட எழுதிய பட்டியல் இருந்தால், ஞோக்கி நாளைக்கும் உண்டா என்று உள்ளே கேளுங்கள். உண்டு என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வரலாம்.